அடைத்த பாலத்தில் ஒரு நடை

மழை விட்ட மறுநாள் காலையில் அக்காவும் தம்பியும் அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் வந்து சேர்ந்தார்கள். வேன் வாசலைத் தாண்டும்போதே தம்பிக்குப் பசி வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியவன், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. ஆனாலும் எந்த வேலைக்குப் போனாலும் கேன்டீன் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பான்.

"சின்ன வேலைதானே அக்கா? பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு. நான் டீ சொல்லி வைக்கிறேன்."

"முதல்ல பெட்டியை இறக்குடா. டீ எங்கயும் ஓடிப் போகாது."

தொழிலில் எல்லோரும் அவளைச் 'சுத்தியல் அக்கா' என்பார்கள். பாலம், கிரேன், தண்ணீர்த் தொட்டியின் கால்கள் என்று இரும்பில் கட்டிய எதையும் சோதித்துச் சொல்வது அவள் வேலை. எத்தனை கருவி கையில் இருந்தாலும் முதலில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. தம்பி அவளுக்கு டிரைவர், வெல்டர், கம்ப்யூட்டர்காரன் எல்லாம். புருஷன் போனபிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவள் குறைத்ததையும் சேர்த்து அவன் பேசினான்.

அவர்கள் பார்க்க வந்தது ஒரு நடைபாலம். வார்டுகள் இருக்கும் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் எதிர்க் கட்டடத்துக்குப் போவது. இரண்டு நீளமான எஃகு உத்திரங்கள், மேலே தகட்டுத் தரை, இருபுறமும் கண்ணாடிச் சன்னல், தகரக் கூரை. எத்தனையோ வருஷமாக ஸ்ட்ரெச்சர்கள் அதில் போய் வந்தன. ஸ்ட்ரெச்சரைவிட அதிகமாக மனிதர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் சொந்தக்காரர்களை விடமாட்டார்கள். வெளியே உட்கார இடமும் கிடையாது. உள்ளே ஆளைக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் எல்லாம் அந்தப் பாலத்தில்தான் நடப்பார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. அங்கிருந்து மறுபடி இங்கே.

கோடைக்கு முன்னால் ஒரு உத்திரத்தில், வெல்டிங் செய்த இடத்துக்குப் பக்கத்தில், தலைமுடி மாதிரி ஒரு விரிசலை அவள்தான் கண்டுபிடித்தாள். பாலத்தை அடைக்கச் சொன்னதும் அவள்தான். விரிசலின் நுனியில் ஒரு வட்டத் துளை போட்டுவைத்தாள். முனை கூராக இருக்கும் வரைதான் விரிசல் ஓடும். முனையை வட்டமாக்கிவிட்டால் அதற்குப் பிடி கிடைக்காது. இரண்டு வாசலிலும் பலகை வைத்து ஆணி அறைந்தார்கள். மழைக்காலம் முழுக்க நோயாளிகளைக் குடை பிடித்துக்கொண்டு முற்றத்தின் வழியாகத் தள்ளிப் போனார்கள். விரிசல் துளையோடு நின்றிருந்தால் ஒரு தகடு வைத்துப் பற்றவைத்துப் பாலத்தைத் திறந்துவிடலாம். பெரிய டாக்டர் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி வார்டுப் பக்கத்துப் பலகையைக் கடப்பாரையால் நெம்பினான். உள்ளிருந்து அடைபட்ட காற்று வந்து முகத்தில் மோதியது. துரு, தூசி, பழைய பினாயில். அதற்கு நடுவே, இப்போதுதான் உலர்த்தி மடித்த துணியின் வாசனை.

"ஆளில்லாத இடத்துல யாருக்கா துணி துவைக்கிறா?" என்றான்.

"கீழே லாண்டரி இருக்கும். நீ வாசல்ல உட்காரு. யாரையும் உள்ளே விடாதே."

நடுப் பாலத்தில் தரைத் தகடு ஒன்றைக் கழற்றிவிட்டு, அவள் குப்புறப் படுத்துத் தலையை அந்தத் திறப்புக்குள் விட்டாள். டார்ச் வெளிச்சம் உத்திரத்தின் பக்கவாட்டில் ஊர்ந்தது.

விரிசல் துளையைத் தாண்டியிருந்தது.

துளையின் மறுபக்கத்தில் புதிதாகக் கிளம்பி, கட்டைவிரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. அதன் வாயில் செங்கல் மாவு போலச் சிவந்த தூள். பழைய விரிசல் என்றால் துரு கறுத்து இறுகிக் கிடக்கும். இரண்டு உதடும் அன்றாடம் ஒன்றையொன்று உரசும் விரிசல்தான் இப்படிச் சிவப்பாகத் தூளைக் கக்கும்.

பெரிய கனம் ஒருமுறை வந்தால் எஃகு வளைந்தாவது காட்டும். தாங்கக்கூடிய கனமே திரும்பத் திரும்ப வந்து போனால் அது ஒன்றையும் வெளியே காட்டாது. நிறம் மாறாது, தொங்காது, சத்தம் போடாது. உள்ளே மணல் அளவு ஒரு குறையில் ஆரம்பித்து, ஒவ்வொரு வரவுக்கும் ஒரு இம்மி திறந்துகொண்டே போகும். ஆனால் கனம் வருவது நின்றால் விரிசலும் நின்றுவிடும். தானாக வளரும் விரிசல் என்று ஒன்று கிடையாது.

இந்தப் பாலத்தில் கோடையிலிருந்து ஒரு காக்கைகூட நடக்கவில்லை.

அவள் கையிலிருந்த சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி விரிசலின் மறுநுனியைத் தேடினாள். அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கால் சரியாக விழுந்தது. மற்றது வார் அறுந்ததுபோல் இழுபட்டது. மெதுவாக வந்து அவள் காலருகே நின்றது.

"ஏதாவது சொன்னாங்களா?"

பெண் குரல். தாழ்ந்த குரல். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்கிக் கேட்கும் குரல். நோயாளியின் சொந்தம் யாரோ பாலம் எப்போது திறக்கும் என்று கேட்பதாக அவள் நினைத்தாள். தலையைத் தூக்காமலே, "இன்னும் ஒண்ணும் தெரியலம்மா. கொஞ்சம் இருங்க" என்றாள்.

ஒரு பெருமூச்சு கேட்டது. செருப்பு திரும்பி எதிர்க் கட்டடத்துப் பக்கமாக இழுத்து இழுத்துப் போனது. அவள் முகத்துக்கு நேரே, டார்ச் வெளிச்சத்தில், விரிசல் ஒவ்வொரு அடிக்கும் திறந்து மூடியது.

சிவப்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது.

அவள் விலுக்கென்று எழுந்து பார்த்தாள். பாலம் காலி. எதிர்க்கோடியில் பலகை அடித்தபடியே இருந்தது. அதன்மேல் சிலந்தி கட்டிய வலைகூடக் கலையவில்லை.

"யாரைடா உள்ளே விட்டே?"

வாசலில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். "யாரையும் விடலையே. அசையாம இங்கயேதானே உட்கார்ந்திருக்கேன்? என்னக்கா, முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

அவள் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துப் பிஸ்கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"வெயில்ல விரிஞ்சு சுருங்கியிருக்கும் அக்கா. அதுல ஓடியிருக்கும்."

"அதுக்குத்தான் கட்டினவன் பாலத்தோட ஒரு முனையை உருளைமேல விட்டிருக்கான். எவ்வளவு விரிஞ்சாலும் இடம் இருக்கு."

"அப்போ காத்து?"

"காத்து பக்கவாட்டுல தள்ளும். இது மேலேருந்து மிதிச்சு மிதிச்சு வந்தது."

அவன் உத்திரத்தில் தபால்தலையைவிடச் சின்ன ஒட்டுப்பட்டைகளை ஒட்டினான். எஃகு எவ்வளவு இழுபடுகிறது என்பதைச் சொல்லும் பட்டைகள் அவை. அவற்றின் ஒயர்களைச் சன்னல் வழியாக முற்றத்தில் நின்ற வேனுக்கு இறக்கினான். தரைத் தகட்டை மாட்டி, வாசல் பலகையைத் திரும்ப அடித்துவிட்டு இருவரும் வேனுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு கோடு சலனமில்லாமல் ஓடியது.

பார்வையாளர் நேரம் முடிந்து முற்றம் காலியானபோது கோடு எழுந்தது.

சின்னச் சின்னப் பல்லாக, அடிமேல் அடியாக ஏறி, நடுவில் கொஞ்சம் நின்று, பிறகு இறங்கியது. திரும்பவும் எழுந்தது. நடுவில் நின்றது. இறங்கியது.

"ஒரே ஆளோட நடை" என்று தம்பி முணுமுணுத்தான். "ஆனா கனத்தைப் பாருக்கா. ஆள் படுத்திருக்கிற ஸ்ட்ரெச்சர் மூணு நாலு சேர்ந்தாப்போல போனாத்தான் இவ்வளவு காட்டும்."

மேலே அண்ணாந்து பார்த்தார்கள். மாலை வெயில் பட்டுச் சன்னல் கண்ணாடிகள் மின்னின. உள்ளே யாருமில்லை.

"நடுவுல நின்னு நின்னு போகுதா?"

இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. வேன் கதவருகே வார்டு சிஸ்டர் நின்றிருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவர், தோளில் பையோடு.

"உங்களுக்கு எப்படித் தெரியும் சிஸ்டர்?" என்றாள் அக்கா.

"நடுச் சன்னல்லேருந்து பார்த்தா தீவிர சிகிச்சைப் பிரிவோட கதவு தெரியும். எல்லாரும் அங்க நிப்பாங்க. ஆனா அந்தப் பொண்ணு மாதிரி யாரும் நின்னதில்ல."

சிஸ்டர் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். பாலம் அடைபடும் முன் வந்த சின்ன வயதுப் பெண். ஒரே பையன், இன்னும் பள்ளிக்கூடம் போகாதவன், உள்ளே இருந்தான். புருஷன் எங்கோ தூரத்தில் வேலையில் இருந்தான். பையனின் சட்டையைத் தினமும் துவைத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டே நடப்பாள், எழுந்ததும் போட்டுவிடலாம் என்று. யார் கதவைத் திறந்து வந்தாலும் ஓடிப்போய் அதே கேள்விதான்.

"அவ கடைசியா நடந்த அன்னிக்கு மத்தியானமே பையன் போயிட்டான். புருஷன் வந்துடட்டும், தனியா இருக்கிறவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஆளாளுக்குத் தள்ளிப்போட்டாங்க. கெட்ட எண்ணம் இல்ல. இரக்கம்தான். 'இருங்க, டாக்டர் வருவார்', 'இருங்க, பார்த்துட்டு இருக்காங்க'ன்னு சொல்லிச் சொல்லி... சாயங்காலம் நடுச் சன்னலண்டை அப்படியே விழுந்துட்டா. இதயம் நின்னுபோச்சு. கையில சட்டை மடிப்புக் கலையாம இருந்துது."

"அப்போ கடைசி வரைக்கும்..."

"யாரும் சொல்லல."

சிஸ்டர் பாலத்தை நிமிர்ந்து பார்க்காமலே பையை எடுத்துக்கொண்டு போனார். திரையில் கோடு ஏறியது, நின்றது, இறங்கியது.

தம்பி சாவியைக் கையில் எடுத்துவிட்டான். "வா அக்கா, கிளம்பலாம். பாலத்தை இடிக்கணும்னு எழுதிக் கொடு. அதோட நம்ம பொறுப்பு தீர்ந்துது."

அவள் அசையவில்லை. "மாமா போன அன்னிக்கு நீ போன்ல என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. சாரம் சரிந்து அவள் புருஷன் விழுந்த நாள் அது. எல்லோரும் அவளிடம் 'லேசான அடி' என்று சொல்லச் சொன்னார்கள். இவன் மட்டும் போனை வாங்கி ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

"'அக்கா, மாமா போயிட்டாரு'ன்னு சொன்னேன்."

"கல்நெஞ்சுக்காரன்னு உன்னை ரொம்ப நாள் வெறுத்தேன்டா."

"தெரியும்."

"நீ மட்டும் அப்படிச் சொல்லலேன்னா நான் இன்னும் வாசலைப் பார்த்துட்டு இருந்திருப்பேன்."

அவன் மூக்கை உறிஞ்சினான். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கினாள்.

"அக்கா, வேணாம்."

"நானும்தானே காலையில 'இருங்க'ன்னு சொன்னேன்."

பலகையை அவனே போய்ப் பிரித்துக் கொடுத்தான். உள்ளே வர அவன் கால் எழவில்லை. வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சன்னல்களின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. துவைத்த துணியின் வாசனை இப்போது மூச்சை அடைக்கும் அளவுக்கு இருந்தது.

அவள் நடுச் சன்னல்வரை நடந்து போய் நின்றாள்.

ஒன்றுமில்லை.

கீழே முற்றத்தில் யாரோ வாளியை வைத்த சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எதிர்க்கோடியில், அடித்த பலகைக்கு இந்தப் பக்கத்தில், செருப்பு ஒன்று இழுபட்டது.

அவள் உள்ளங்கால்களுக்குக் கீழே தகடு ஒரு நூல் இறங்கியது. அடுத்த அடிக்கு இன்னொரு நூல். வருவது அவளுக்குக் கண்ணில் தெரியவில்லை, காலில் தெரிந்தது. அத்தனை கனத்தையும் தூக்கிக்கொண்டு அது அவசரப்படாமல் வந்தது. சன்னல் கண்ணாடிகள் சட்டங்களுக்குள் மெல்லக் கிணுகிணுத்தன.

எதிரே வந்து நின்றது.

அவள் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். முடியவில்லை. முன்னால் வெறும் காற்று. அந்தக் காற்று குளிர்ந்து, ஒரு ஆள் உயரத்துக்கு அவள் முகத்துக்கு நேரே நின்றது.

"ஏதாவது சொன்னாங்களா?"

இன்னும் கொஞ்சம் கழித்துச் சொல்லலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"உன் பையன் போயிட்டான்மா" என்றாள். "அன்னிக்கு மத்தியானமே போயிட்டான். உன்கிட்ட யாரும் சொல்லல."

பாலம் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது. கண்ணாடிகள் நின்றுவிட்டன. அழுகை வரும், அலறல் வரும் என்று அவள் காதுகளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. வெகுநேரம் கழித்து, மிக மெதுவாக, ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"எங்க?"

அவளுக்கு அது தெரியாது. சிஸ்டரிடம் கேட்கத் தோன்றவில்லையே என்று நெஞ்சு பதறியது.

"எங்க வச்சிருக்காங்க?"

"கேட்டுச் சொல்றேன்மா. நிச்சயமா வந்து சொல்றேன்."

சொன்ன பிறகுதான், தானும் அவளைக் காத்திருக்கத்தான் சொல்லியிருக்கிறோம் என்பது உறைத்தது. அவள் காலடியில் தகடு ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. அதன்பின் நடைச் சத்தம் கேட்கவில்லை.

வேனுக்கு வந்து பார்த்தபோது கோடு சமமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஏறிய உயரத்திலேயே நின்றது.

"உட்கார்ந்துட்டா" என்றான் தம்பி.

பாலத்தை இறக்கியே ஆக வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அடைத்துவைத்தும் விரிசல் வளர்ந்த காரணம் தெரியவில்லை, ஆட்களை ஏற்ற முடியாது என்று மட்டும் காரணம் காட்டினாள். பெரிய டாக்டர் கத்தினார், பிறகு விரிசல் படத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார். பாலம் இறங்கும் நாள்வரை அவள் அடிக்கடி வந்து உத்திரத்தைப் பார்த்தாள். விரிசல் ஒரு முடிகூட நகரவில்லை. ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கனம் எஃகைக் களைக்க வைப்பதில்லை.

வரும்போதெல்லாம் சிஸ்டரிடமும் விசாரித்தாள். பெண்ணின் உடலை அவள் பிறந்த வீட்டார் வந்து தங்கள் ஊருக்கு எடுத்துப் போனார்கள். பையனை அப்பா வீட்டார் வேறெங்கோ அடக்கம் செய்தார்கள். இரண்டு வீட்டுக்கும் அதற்கு முன்பே பேச்சுவார்த்தை கிடையாது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

கிரேன் வந்த நாளில் சிஸ்டர் முற்றத்தைக் கடந்து ஓட்டமாக வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட பழைய ஆம்புலன்ஸ் டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருந்தார். "ஏரிக்கரையில, மதகு தாண்டி ஒரு சின்ன இடுகாடு. அங்கதானாம்."

உத்திரங்களின் முனைகளை அறுத்தாகிவிட்டது. சங்கிலிகள் விறைத்தன. பாலம் இரண்டு கட்டடத்தையும் விட்டு, காற்றில் தனியாக எழுந்து நின்றது. கிரேன்காரர் தன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா, உள்ளே எதையாவது விட்டுட்டீங்களா? நீங்க சொன்ன கணக்கைவிட எடை ரொம்பக் கூட இருக்கே!"

"இல்லண்ணே. நீங்க மெதுவா இறக்குங்க."

பாலம் முற்றத்தில் அடுக்கிய கட்டைகள்மேல் வந்து அமர்ந்தது. அவள் நடுச் சன்னலருகே போனாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

"ஏரிக்கரையில இருக்கான்மா. மதகு தாண்டி" என்றாள்.

கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நெரிபட்டு, பிறகு தளர்ந்தன. தம்பி ஒயரை இணைத்துப் பார்த்தான். கோடு இறங்கியிருந்தது.

"போயிட்டா அக்கா" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். அப்புறம் பல நாளுக்குப் பிறகு பழைய குரலில், "சரி, இப்பவாவது டீ குடிக்கலாமா?" என்றான்.

கருவிகளை எடுத்து வைத்துவிட்டு இருவரும் வேனில் ஏறினார்கள். அவன் சாவியைத் திருகினான்.

வேனின் பின்பக்கம் தாழ்ந்து இறங்கியது.

அடியிலிருந்த வில்பட்டைகள் கிறீச்சிட்டன. முன்பக்கம் லேசாக மேலே தூக்கியது. பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று உரசி இடம் விட்டன. துவைத்து மடித்த துணியின் வாசனை வண்டிக்குள் நிறைந்தது.

தம்பி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி நேரே பார்த்தான். கண்ணாடியில் பின்னால் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

"எந்தப் பக்கம் அக்கா?" என்றான், காதோடு பேசுவதுபோல.

"ஏரிக்கரைக்கு. பள்ளம் பார்த்து, மெதுவா ஓட்டு."

மதகைத் தாண்டியதும் ஒரு தாழ்ந்த சுவர், உள்ளே சின்னச் சின்ன மண்மேடுகள். அவன் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். அவள் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். தண்ணீர்மேல் வெயில் இருந்தது. காற்று அடித்தது. திறந்த கதவு ஆடியது.

வெகுநேரம் ஆயிற்று. அவள் திரும்பி வந்து முன்சீட்டில் உட்கார்ந்து தம்பியைப் பார்த்தாள்.

"இறங்கலையா?" என்றான்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். "தைரியம் வரட்டும். நமக்கு என்ன அவசரம்?"

இருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டியின் பின்பக்கம் நிமிரவே இல்லை.